வெள்ளைக் கோட்டுக்குக் கறுப்புக் கரை

மூடுபனிக்கு மனிதர்களைத் தரம் பிரிக்கத் தெரியாது. மலைமேல் நிற்கும் மாளிகையையும் அது மூடும்; மண் பூசிய குடிசையையும் மூடும். தரம் பிரிக்கும் வேலையைக் க்ளென் டாராக் பள்ளத்தாக்கில் சட்டம் பார்த்துக்கொண்டது. அந்தச் சட்டம் குடியிருந்த சிறிய காவல் நிலையத்தில், 1923ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துப் பிற்பகல் ஒன்றில், மேசைமீது உள்ளங்கை அகலத்தில் ஒரு துணிக்கிழிசல் கிடந்தது. அதற்கு விலையாக ஒரு மனிதனின் கழுத்து கேட்கப்பட்டிருந்தது.

நீலம், கறுப்பு, பச்சை எனக் கட்டம் கட்டமாக நெய்த கம்பளித் துணி. பச்சையின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு.

"இதுல பாக்க என்ன சார் இருக்கு?" என்றார் சார்ஜன்ட் மெக்விக்கார். "பச்சையில வெள்ளைக் கோடுன்னா லாமண்ட் குடும்பத்து டார்ட்டன், அவங்க குலத்துக்குன்னு உள்ள கட்டம். எங்க ஊர்ல பால் குடிக்கிற குழந்தைகூடச் சொல்லும். செத்தவன் கையில இந்தத் துணி இருந்துச்சு. இதைக் கட்டுறவன் உள்ள இருக்கான். நாளைக்குக் காலைப் படகுல விசாரணைக்கு அனுப்பிடுவேன். ரெண்டும் ரெண்டும் நாலு."

செத்தவன் கஸ்பர்ட் ஹாக். பெரிய வீட்டு நிலங்களுக்கு மேலாளன். உள்ளே இருந்தவன் லாக்லன் லாமண்ட். குத்தகைக் குடியானவன், ஊர்த் திருமணங்களுக்கெல்லாம் பைப் என்னும் துருத்திக் குழல் ஊதுகிறவன். 'குடிசையைக் காலி செய்' என்று ஹாக் ஆணை அனுப்பினான். 'உன்னை ஓடையில தூக்கிப் போடுறேன் பார்' என்று சாராயக் கடையில், ஊரே கேட்க, லாக்லன் கத்தினான். மறுநாள் அந்தியில் நடைபாலத்தின் கீழே, ஓடைக் கல்லில் மண்டை பிளந்து ஹாக் கிடந்தான். ஏழையின் கோபம் எவ்வளவு எளிதாக வாக்குமூலமாகிவிடுகிறது! எஜமான் வீட்டு ஆணைக்குத் தாள் உண்டு, முத்திரை உண்டு. அதனால் அது சட்டம். குடியானவனுக்குத் தொண்டை ஒன்றுதான் உண்டு. அதனால் அது கொலை மிரட்டல்.

மேசைக்கு எதிரே ஃபின்லே ராட்ரே அமர்ந்திருந்தார். கிளாஸ்கோவில் துப்பறியும் தொழில் செய்பவர் அவர். இளமையில் கில்ட் தைக்கும் கடையொன்றில் ஊசி பிடித்தவர். கிழிசலைச் சன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துச் சென்று, மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

"சார் துணியைப் பாக்குறாரா, சாப்பிடப் போறாரா?" என்றார் சார்ஜன்ட்.

"கிளாஸ்கோவுல காலையில அவருக்கு வேற ஒண்ணும் கிடைக்கல," என்றாள் நெட்டா டாகர்டி. போர்க்காலத்தில் டிராம் வண்டியில் சீட்டுக் கொடுத்தவள் அவள். போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் அவள் தோளிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பையைப் பிடுங்கினார்களே தவிர நாக்கைப் பிடுங்க எவராலும் ஆகவில்லை. அந்த நாக்கோடுதான் ராட்ரேயிடம் உதவியாளாகச் சேர்ந்தாள்.

"சார்ஜன்ட், லாக்லனோட கில்ட்டைக் கொண்டாங்க," என்றார் ராட்ரே.

கில்ட் வந்தது. முழங்கால் வரை கொசுவம் வைத்துச் சுற்றும் அந்த ஆடை, அடுப்புப் புகையும் ஆட்டு மணமும் ஏறி, ஓரம் முழுக்க நைந்திருந்தது.

"பாருங்க, ஓரம் கிழிஞ்சிருக்கு," என்று வெற்றியோடு காட்டினார் சார்ஜன்ட்.

"கிழியாத ஓரம் எங்க இருக்குன்னு காட்டுங்க, அதுதான் அதிசயம்," என்றாள் நெட்டா.

ராட்ரே கிழிசலைக் கில்ட்டின் மேல் வைத்தார். நீலத்துக்கு நீலம் பொருந்தியது. பச்சைக்குப் பச்சை பொருந்தியது. வெள்ளைக் கோட்டில் வந்ததும் அவர் விரல் நின்றது.

"இப்பப் பாருங்க. லாக்லன் துணியில வெள்ளைக் கோடு நேராப் பச்சை மேலேயே ஓடுது. இந்தக் கிழிசல்ல, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் மெல்லிசா ஒரு கறுப்பு. துணி ஓரத்துக்குக் கரை போட்ட மாதிரி."

"அது அழுக்கு சார். ஓடைச் சேறு."

சார்ஜன்டின் தேநீர்க் கோப்பையில் கிழிசலை முக்கி, கசக்கிப் பிழிந்தார் ராட்ரே. சார்ஜன்ட் கோப்பையைப் பரிதாபமாக எட்டிப் பார்த்தார்.

"டீ போச்சேன்னு வருத்தப்படாதீங்க," என்றாள் நெட்டா. "நான் குடிச்சுப் பாத்தேன். அது முன்னமே போயிட்டுது."

கறுப்புக் கரை கரையவில்லை. தறியில் பிறந்த கறுப்பு தண்ணீருக்கு அஞ்சுமா?

"இந்த நீலம், கறுப்பு, பச்சைக் கட்டம் பல குடும்பத்துக்குப் பொது," என்றார் ராட்ரே. "கோடே இல்லேன்னா அரசாங்கப் படைத் துணி. மஞ்சள் கோடு ஓடினா வடகிழக்குல கார்டன். வெள்ளையோட சிவப்பும் ஓடினா வடக்க மெக்கென்சி. வெறும் வெள்ளைன்னா இந்தக் கோவல் கரையோர லாமண்ட். வெள்ளைக்குக் கறுப்புக் கரை கட்டினா, அது ஃபோர்ப்ஸ். அபர்டீன் பக்கம், டான் ஆத்தங்கரை. நாட்டோட அந்த மூலை."

"அப்ப நாங்க எல்லாரும் குருடா?"

"இல்ல. உங்களுக்கு இந்தத் துணி ரொம்பப் பழக்கம். வெள்ளைக் கோட்டைக் கண்டதும் பேரைச் சொல்லிடுறீங்க, அதுக்கப்புறம் பாக்குறதில்ல. டான் ஆத்துக்காரன் இதே தப்பைத் திருப்பிப் போட்டுச் செய்வான்."

சார்ஜன்ட் மீசையைத் தடவினார். "லாக்லன் இன்னொரு கில்ட் வச்சிருக்கலாம்."

"இன்னொரு சட்டையே இல்லாதவன் வெளியூர்க் குடும்பத்துக் கில்ட் வாங்கிக் கட்டினானா? அதுவும் அந்துருண்டை வாசனையோட? டீயில முக்கியும் போகல, மோந்து பாருங்க. இது வருஷக்கணக்காப் பெட்டிக்குள்ள இருந்த துணி."

"வாசனையை வச்சு நான் ஒருத்தனை விட முடியாது சார். நாளைக் காலைப் படகு வர்றதுக்குள்ள இதைக் கட்டின ஆளைக் கொண்டாங்க. இல்லேன்னா லாக்லன் போவான்."

போனால் திரும்பமாட்டான் என்பதை அந்த அறையில் எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

வாசல் பெஞ்சில் லாக்லனின் தங்கை ஊனா காத்திருந்தாள். கிளாஸ்கோ வரை வந்து ராட்ரேயின் மாடிப்படியில் அமர்ந்து, அவர் வரச் சம்மதிக்கும்வரை எழ மறுத்தவள். அண்ணன் ஒருவனைத் தவிர இந்த உலகில் அவளுக்கு உறவு இல்லை. மூவரும் பனிக்குள் பாலத்தை நோக்கி நடந்தார்கள். ஓடை எங்கோ பேசிக்கொண்டிருந்தது. கூரை இழந்த வீடுகள், சில தலைமுறைகளுக்கு முன் குடும்பங்களைத் துரத்திவிட்டு ஆடுகளைக் குடியேற்றிய வீடுகள், வழியின் இருபுறமும் வாய் பிளந்து நின்றன. உயிரோடு இருக்கும்போது விரட்டப்பட்டவர்கள் செத்தபின் உலவினால் அதில் வியப்பு என்ன என்று தோன்றும் இடம் அது.

"ஐயா, ஊர்ல பேசிக்கிறதை உங்ககிட்ட மறைக்கல," என்றாள் ஊனா மெல்ல. "வசந்த காலத்துலேருந்து பாலத்துல ஒரு உருவம் நிக்குது. உயரமா, வெளுத்த மூஞ்சி, நம்ம கில்ட். முன்னூறு வருஷம் முந்தி எதிரிங்க வெட்டிப் போட்ட லாமண்ட் ஆளுங்கள்ல ஒருத்தர்னு சொல்றாங்க. அவர்தான் ஹாக்கைத் தள்ளிட்டாராம்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்." அவள் சால்வையை இறுக்கிக்கொண்டாள். "என்னையும் அது பாத்துச்சு. யாரையோ தேடுற மாதிரி. நான் அது இல்லேன்னு தெரிஞ்சதும் மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. அதைத்தான் என்னால மறக்க முடியல."

நெட்டா ராட்ரேயைப் பார்த்து, "பேய்க்கு அந்துப்பூச்சி பயம் இருக்குன்னு இப்பத்தான் கேள்விப்படுறேன்," என்றாள்.

"அந்தப் பேய் முன்னூறு வருஷத்துப் பேய் இல்ல," என்றார் ராட்ரே. "அந்தக் காலத்துல பக்கத்து வீட்டு நெசவாளி என்ன நெய்தானோ அதைக் கட்டினாங்க. இந்தக் குடும்பத்துக்கு இந்தக் கோடுன்னு முறையா வகுத்து வித்தது நம்ம பாட்டன் காலத்துத் துணிக்கடைக்காரங்க."

"அப்ப இந்தப் பேய் செத்தப்புறம் கடைக்குப் போய்த் துணி எடுத்திருக்கு. நல்ல பேய்."

"எங்க துணி பழசு இல்லேன்னா சொல்றீங்க?" ஊனாவின் குரல் அந்த நிலையிலும் சற்றுச் சூடேறியது.

"உங்க பேரு பழசும்மா. உங்க உழைப்பு பழசு. துணி கொஞ்சம் புதுசு. ஊனா, இந்தப் பள்ளத்தாக்குல ஃபோர்ப்ஸ்னு யாரு?"

"அந்தப் பேர்ல ஒரு நாய்கூட இல்லீங்க."

"பேய் எப்பெப்ப வரும்?"

"சாயங்காலப் படகு வர்ற நாள்ல. துறையில சங்கு ஊதினதும்."

"படகு அட்டவணை பாத்து நடக்குற பேயா!" என்றாள் நெட்டா. "டிராம்ல அந்த மாதிரி ஒரு டிரைவரைக்கூட நான் பாத்ததில்ல."

ராட்ரே சட்டென நின்றார். "நாம தப்பான ஆளைத் தேடுறோம். ஃபோர்ப்ஸ் கோடு போட்டவன் ஃபோர்ப்ஸாத்தான் இருக்கணும்னு இல்ல. அப்பன் வழியில குடும்பத் துணி இல்லாதவன் என்ன கட்டுவான்?"

"அம்மா வழித் துணியைக் கட்டுவான்," என்றாள் ஊனா. இந்த மண்ணில் அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

"இங்க அப்பன் வழியில துணி இல்லாதவங்க யாரு?"

ஊனாவின் நடை நின்றது. பனிக்கு மேலே, மலைச் சரிவில் மங்கலாகத் தெரிந்த மாளிகையை அவள் பார்த்தாள்.

"பெரிய வீடு. எஜமான் சர் எட்கர் தார்ன்லியோட அப்பா, வெளியூர்லேருந்து வந்து பஞ்சாலைக் காசுல இந்தப் பள்ளத்தாக்கை வாங்கினவரு. எஜமானியம்மா கிழக்குப் பக்கத்துக்காரங்க. பேச்சே வேற மாதிரி இருக்கும். சின்ன எஜமான் ராபின் திருவிழாவுக்கெல்லாம் கில்ட் கட்டுவாரு. பச்சையில வெள்ளைக் கோடு. ஐயா, எங்க மேல மரியாதை வச்சு எங்க துணியைக் கட்டுறாருன்னு ஊரே பூரிச்சுப் போச்சு. நாங்க கிட்டப் போய்ப் பாத்ததே இல்ல."

"ராபின் இப்ப எங்க?"

"பிரான்சுல. போர்ல செத்துட்டாரு. உடம்புகூட வரல."

மாளிகையின் கூடத்தில் நெருப்பு எரிந்தும் குளிர் விலகவில்லை. சுவரில் பெரிய ஓவியம்: இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன், கில்ட் கட்டி, சிரித்துக்கொண்டிருந்தான். ஓவியன் நேர்மையானவன், வெள்ளைக் கோட்டின் இருபுறமும் மெல்லிய கறுப்பை மறக்காமல் தீட்டியிருந்தான்.

சர் எட்கர் தார்ன்லி பருத்த மனிதர். அமரச் சொல்லவில்லை. "போலீஸ் பாத்துக்கிற விஷயத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"உங்க மகனோட கில்ட்டைப் பாக்கணும்," என்றார் ராட்ரே.

"அது இல்ல. புதைச்சாச்சு."

"உடம்பு பிரான்சுல இருக்கு. கில்ட்டை எதோட புதைச்சீங்க?"

நெட்டா ராட்ரேயின் காதருகே குனிந்தாள். "இவர்தான் சார். குடியானவங்களைப் பயங்காட்டி ஓட்ட, பேய் வேஷம். ஹாக்குக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு, தள்ளிட்டாரு. முடிஞ்சுது கதை."

"படத்தைப் பாரு நெட்டா. அப்புறம் இவர் இடுப்பைப் பாரு."

நெட்டா இரண்டையும் பார்த்தாள். "ம்ம். அந்தக் கில்ட் இவருக்கு ஒரு தொடைக்குக்கூடக் காணாது."

"வெளிய போங்க!" என்று சர் எட்கர் உறுமிய அதே நொடியில், கீழே துறையிலிருந்து மாலைப் படகின் சங்கு எழுந்தது. நீண்ட, நனைந்த, நெஞ்சைப் பிசையும் ஒலி. பண்ணை எஜமானின் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் இறங்கியது. அவர் கண்கள் வாசலை நோக்கவில்லை, மாடிப்படியை நோக்கின.

மாடியில் கதவு திறந்தது.

உருவம் இறங்கி வந்தது. உயரம், ஒட்ட வெட்டிய நரை முடி, சுண்ணாம்பாய் வெளுத்த முகம். இடுப்பில் நீலமும் கறுப்பும் பச்சையும். அந்துருண்டை வாசனை அதற்கு முன்னே நடந்து வந்தது. ஊனா கூவாமலிருக்கச் சால்வையைக் கடித்துக்கொண்டாள். அந்த உருவம் நால்வரையும் மேசை நாற்காலியைக் கடப்பதுபோல் கடந்து, வாசலைத் திறந்து, பனிக்குள் கலந்தது. கில்ட்டின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு இல்லை.

"மார்ஜரி!" என்றார் சர் எட்கர். மனைவியின் பெயரை அவர் கூவவில்லை, முனகினார்.

பாலத்தின் நடுவே அவள் நின்றாள். ஒரு கை கைப்பிடிக் கட்டையில்; மறு கை, வருகிறவனை வாங்கிக்கொள்ளச் சற்றே முன்நீண்டு. படகிலிருந்து இறங்கிய ஊரார் சிலர் தூரத்தில் உருவத்தைக் கண்டதும் ஆணி அடித்தாற்போல் உறைந்து, வேறு வழியில் விலகி ஓடினார்கள். எவரும் வரவில்லை. வரவேண்டியவன் பெயரறியாத சேற்றில் கிடந்தான். அவனை அங்கே அனுப்பிய அமைச்சர்களும் தளபதிகளும் அந்த மாலை எந்த விருந்தில் அமர்ந்திருந்தார்களோ!

முதலில் பாலத்தில் ஏறியவள் ஊனா. பேயை நோக்கி அவள் நடந்தாள்.

"எஜமானியம்மா."

வெளுத்த முகம் திரும்பியது. "நீ ராபின் இல்ல."

"இல்லம்மா. நான் ஊனா. கீழ்க்குடிசை."

"சங்கு ஊதிச்சே. லீவுல வந்தா இந்தப் பாலத்து வழியாத்தான் வருவான். அவனோட கில்ட்டை நான் கட்டிக்கிட்டா, தூரத்துலேருந்தே வீடு இதுதான்னு தெரிஞ்சுக்குவான்."

ராட்ரே குரலைத் தாழ்த்தினார். "அம்மா, இந்த ஓரம் கிழிஞ்ச அன்னிக்கு இங்க ஒருத்தர் வந்தாரா?"

"வந்தான். பனியில தோள் மட்டும் தெரிஞ்சுது. என் பிள்ளைன்னு நினைச்சேன். ஓடிப் போய்க் கட்டிப் புடிச்சேன்." அவள் விரல்கள் காற்றைப் பற்றின. "அவன் கத்தினான். அப்படி ஒரு கத்தல். என் துணியைப் புடிச்சு இழுத்துக்கிட்டே பின்னால போனான். கட்டை தாண்டிப் போயிட்டான். அது ராபின் இல்ல."

கொலையாளி இல்லாத கொலை. எத்தனையோ குடும்பங்களை ஒரு தாளால் நடுங்கவைத்த மேலாளன், ஒரு தாயின் அணைப்பைப் பேயென்று நடுங்கிச் செத்தான்.

"அம்மா," என்றாள் ஊனா. அழக்கூடாது என்று பல்லைக் கடித்திருந்தாள். "அதுக்கு எங்கண்ணனைப் புடிச்சு வச்சிருக்காங்க. நாளைக்குக் காலைப் படகுல கொண்டு போறாங்க. தூக்குல போடுவாங்க."

அந்தச் சொல் எந்தக் கதவைத் தட்டியதோ! கலங்கிய கண்களுக்குள் யாரோ விளக்கேற்றியதுபோல் இருந்தது. அவள் கணவனைத் தேடித் திரும்பினாள். சர் எட்கர் மூச்சிரைக்கப் பாலத்தின் முனையில் நின்றார்.

"எட்கர், உனக்கு இது தெரியுமா?"

"உள்ள வா மார்ஜரி. குளிருது."

"தெரியுமான்னு கேட்டேன்."

"கிழிஞ்ச ஓரத்தைப் பாத்தேன்." அவர் குரல் கெஞ்சியது. "உன்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரில அடைச்சிருப்பாங்க. நம்ம பேரு பேப்பர்ல நாறியிருக்கும். அவன் ஒரு குடியானவன். எப்படியும் காலி பண்ணிட்டுப் போக வேண்டியவன்."

ஒரு தட்டில் வீட்டின் பெயர்; மறு தட்டில் உழைப்பாளியின் உயிர். உயிர் இலேசாக இருந்தது அந்தத் தராசில்! நாற்காலிகளில் அமர்ந்து நாட்டை ஆள்வோர் கையிலெல்லாம் இருப்பது அதே தராசுதான்.

லேடி மார்ஜரி கணவனிடம் சொன்னாள்: "இந்தப் பாலத்துல நான் ஒருத்தி நிக்கிறது போதாதா? இந்தப் பொண்ணையும் எனக்குப் பக்கத்துல கொண்டு வந்து நிறுத்தப் பாத்தியா?"

அவர் நீட்டிய கையைத் தொடாமல் கடந்தாள். ஊனாவின் தோளைப் பற்றிக்கொண்டு, கில்ட் காற்றில் அசைய, ஊர்த் தெரு வழியே நடந்தாள். கதவுகள் திறந்தன, மெழுகுவத்திகள் நீண்டன. வசந்த காலம் முதல் எந்த உருவத்துக்கு அஞ்சிக் கதவடைத்தார்களோ அது தெருவின் நடுவே, அழுதுகொண்டே, ஒரு வயதான பெண்ணாகப் போவதைக் கண்டார்கள். பைபிளைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

ராட்ரேயும் நெட்டாவும் பின்னால் நடந்தார்கள்.

காவல் நிலையத்தில் சார்ஜன்ட் எழுந்து நின்றார். லேடி மார்ஜரி தன் ஆடையின் ஓரத்தை மேசைமேல் இழுத்து, கிழிசலை எடுத்துத் தானே பொருத்தினாள். வெள்ளை வெள்ளையோடு சேர்ந்தது. கறுப்புக் கரை கறுப்புக் கரையோடு சேர்ந்தது. நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவள் குரல் தடுமாறவில்லை. சார்ஜன்ட், வாசலில் வந்து நின்ற சர் எட்கரைப் பார்த்தார். அதுவரை அந்த மனிதரைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவது அவர் வழக்கம். இப்போது கழற்றவில்லை.

"நீங்க உக்காருங்க. உங்ககிட்ட நிறையக் கேக்க வேண்டியிருக்கு," என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தார்.

லாக்லன் வெளியே வந்தான். எதிரே கில்ட் கட்டி நின்ற வெளுத்த உருவத்தைக் கண்டு ஓரடி பின்வாங்கினான். தங்கையின் கண்ணைப் பார்த்தான்; புரிந்துகொண்டான்; அசையாமல் நின்றான்.

லேடி மார்ஜரி அருகே வந்தாள். அவனுடைய சட்டையின் கழுத்து திறந்து கிடந்தது, பொத்தான் இல்லை. இரு கைகளாலும் அந்தத் துணியை இழுத்து, அந்தக் கழுத்தை மெல்ல மூடினாள்.

"குளிருது," என்றாள். "மூடிக்கோப்பா. தங்கச்சி காத்துக்கிட்டு இருக்கா. வீட்டுக்குப் போ."

அவன் போனான். ஊனா அவன் கையை இரு கைகளாலும் பிடித்திருந்தாள். அவர்கள் காலடி ஓசை தெருவில் தேய்ந்து மறைந்த பிறகும், கழுத்து ஒன்றை மூடிய வடிவிலேயே அந்தத் தாயின் கைகள் காற்றில் நின்றன.